தங்கத்தைத் துடைத்த கதை: ஒரு பழைய ‘ஃப்ராவ் ஹோலே’ படப்புத்தகம்

கீழ்வீட்டு ஓமா அந்தப் புத்தகத்தை ஒரு தலையணை உறைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார். ஓமா என்றால் ஜெர்மனில் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், எங்களுக்கு உறவில்லை. என் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் ஓமா ஆகிவிட்டார். நான் வாரம் ஒருநாள் மாலை வகுப்பில் புத்தக பைண்டிங் கற்றுக்கொள்வது அவருக்குத் தெரியும். “அவசரமில்லை. பக்கங்கள் கையோடு வராமல் இருந்தால் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உறையிலிருந்து வெளியே எடுத்ததும் முதலில் மேசையில் விழுந்தது புத்தகமல்ல, துரு. நடுவில் அடித்திருந்த இரண்டு பின்களும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. 29 செ.மீ. உயரம், கெட்டி அட்டை, முதுகில் மட்டும் சாம்பல்நீல காலிக்கோ துணி. உள்ளே நான்கு பெரிய தாள்களை நடுவில் மடித்த ஒரே பாரம். அதாவது பதினாறு பக்கம், அதில் எட்டு முழுப்பக்க வண்ணப் படங்கள். பதிப்பித்த ஆண்டு எங்கும் இல்லை. எழுத்து முழுக்க ஃப்ராக்டூர் என்கிற பழைய கோண எழுத்து. ஜெர்மனியில் அந்த எழுத்தை 1941 ஜனவரியில் நாஜி அரசே ஒரு சுற்றறிக்கையால் நிறுத்திவிட்டது. ஆகவே புத்தகம் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்பதுவரை கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

‘ஃப்ராவ் ஹோலே’ கதை நம்மூரில் அவ்வளவு பரவலாகத் தெரியாது. ஒரு விதவைக்கு இரண்டு பெண்கள். பெற்ற பெண் சோம்பேறி, மூத்தாள் பெண் உழைப்பாளி. உழைப்பாளிப் பெண் கிணற்றடியில் உட்கார்ந்து விரலில் ரத்தம் வரும்வரை நூல் நூற்கிறாள். ரத்தம் பட்ட நூற்கண்டைக் கழுவப்போக அது கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறது. சித்திக்குப் பயந்து அவளும் குதித்துவிடுகிறாள். அடியில் ஒரு புல்வெளி. “என்னை வெளியே எடு, நான் வெந்து ரொம்ப நேரமாச்சு” என்று அடுப்புக்குள்ளிருந்து கத்தும் ரொட்டி, “என்னை உலுக்கு” என்று கெஞ்சும் ஆப்பிள் மரம், பிறகு பெரிய பல்லோடு ஒரு கிழவி. அவள்தான் ஃப்ராவ் ஹோலே. அவள் மெத்தையை இறகு பறக்க உதறினால் பூமியில் பனி பெய்யும். ஒழுங்காக வேலை செய்த பெண் ஊர் திரும்பும்போது வாசலில் தங்கமழை கொட்டி உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலேயே போன சோம்பேறிக்கு அதே வாசலில் ஒரு அண்டா கரிய கீல், அதாவது தார். ஜெர்மனில் கீலுக்கும் துரதிர்ஷ்டத்துக்கும் ஒரே சொல்: ‘பெஹ்’. இன்றைக்கும் பேருந்தைத் தவறவிட்டால் ‘பெஹ்’ என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் இருக்கும் ஜெர்மன் நகரமான காசலில் உட்கார்ந்து இந்தக் கதைப் புத்தகத்தைத் தைப்பதில் எனக்கு ஒரு தனிக் குஷி இருந்ததை மறைக்கப்போவதில்லை. கிரிம் சகோதரர்கள் கதை சேகரிக்கத் தொடங்கியது இந்த ஊரில்தான். 1812இல் வந்த முதல் தொகுதியில் இது 24ஆம் கதை. அவர்களுக்கு இதைச் சொன்னவர் டோர்ட்ஷென் வில்ட், இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பெண். பிற்பாடு, 1825இல், அவரையே வில்ஹெல்ம் கிரிம் மணந்துகொண்டார். ஃப்ராவ் ஹோலேயின் வீடு என்று சொல்லப்படும் மைஸ்னர் மலையும் இங்கிருந்து தென்கிழக்கே பக்கம்தான். 754 மீட்டர் உயரம், அதில் அவள் பெயரில் ஒரு குளமும் உண்டு. நவம்பரில் முதல் பனி விழுந்தால் ஓமா மாடிப்படியில் நின்று, “அவள் படுக்கை விரிக்கிறாள்” என்பார். காசல் இருக்கும் ஹெசன் பகுதியில் அப்படிச் சொல்வது வழக்கம் என்று கிரிம்களே கதைக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து, எங்கே என்ன சேதம் என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் செய்த சேதம் எல்லாம் சில்லறைச் சேதம். ரொட்டி அடுப்புப் பக்கத்தின் கீழ்மூலை காணோம். யாரோ வாயில் வைத்துச் சப்பியிருக்க வேண்டும், விளிம்பில் பல்தடம் இருந்தது. மெத்தை உதறும் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஜாம் கறை. சோம்பேறிப் பெண்ணின் முகத்தில் பென்சில் மீசை. பெரிய சேதம் எல்லாம் பெரியவர்கள் செய்தது, அதுவும் ‘சரிசெய்கிறேன்’ என்று இறங்கிச் செய்தது. நான்கு இடத்தில் செல்லோ டேப், அட்டையின் உள்மடிப்பு நெடுக பழுப்பு நிறப் பசைத்தாள், முதுகின் அடியில் ஏதோ மஞ்சள் கோந்து. பிள்ளைகள் கிழித்த இடத்தை ஒட்டிவிட முடியும். டேப் ஒட்டிய இடத்தில் தாளின் நிறமே தேன்பாகு மாதிரி மாறிக் கிடந்தது.

இதை ஓமாவிடம் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “டேப் ஒட்டியது நான்தான். என் மகன் கிழித்தான், எழுபதுகளில்” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை இழுக்கவில்லை.

முதல் வேலை, உலர் சுத்தம். தண்ணீர் கிடையாது. மென்மையான தூரிகையால் மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுவது. பிறகு ரப்பர் பஞ்சு என்று ஒன்று விற்கிறார்கள், தீவிபத்து நடந்த வீட்டில் சுவர்க்கரி துடைக்கிற சமாசாரம், அதால் மெல்ல ஒற்றுவது. ஓரங்களில் இருந்த அழுக்கு அதிலேயே பாதி போய்விட்டது. பஞ்சு கறுத்தது, தாள் வெளுத்தது. இந்த மாதிரி வேலையில் ஒரு போதை உண்டு. பளிச்சென்று ஆகிறது என்றால் கை நிற்காது.

அந்தக் கை நிற்காத நேரத்தில்தான் தங்கமழைப் பக்கத்துக்கு வந்தேன்.

அந்தப் படத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்வாசல், அதன் நடுவே நீல உடையில் பெண், மேலிருந்து கோடுகோடாகத் தங்கம். ஆனால் அது தங்கமாகத் தெரியவில்லை. பச்சையும் பழுப்பும் கலந்து, பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தில் கீல் கொட்டுகிற பெண்ணுக்கும் இவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அழுக்குதான் படிந்திருக்கிறது என்று முடிவுகட்டி, பென்சில் ரப்பரில் மிருதுவானது ஒன்றை எடுத்து இரண்டே இரண்டு இழுப்பு இழுத்தேன். வலது தோளுக்கு மேலே, விரல் நகம் அளவுக்கு இடம். ரப்பரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மினுமினுவென்று தங்கம். தாளில் அந்த இடத்தில் வெளிறிய மஞ்சள் மட்டும்.

என்ன நடந்தது என்பதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்துப் புரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆனது. அந்தக் காலத்து வண்ணப் படம் கல்லச்சு. 1790களின் கடைசியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை; பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்தால் வரைந்த இடம் மட்டும் அச்சுமையைப் பிடிக்கும். வண்ணத்துக்கு ஒரு கல். இன்றைய அச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் கோலம் போட்டதுபோல் ஒழுங்காக நிற்கும். இதில் புள்ளிகள் கையால் வைத்தவை, ஒன்று பெரிது ஒன்று சிறிது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் மட்டும் ரோஜா, மஞ்சள், வெளிர்நீலம் என்று மூன்று அடுக்கு எண்ணினேன். தங்கத்துக்கு மட்டும் வேறு வழி: முதலில் ஒட்டும் தன்மையுள்ள பூச்சை அச்சடித்து, ஈரம் காயும் முன் அதன்மேல் செம்பும் துத்தநாகமும் கலந்த பொடியைத் தூவி, மிச்சத்தைத் துடைத்துவிடுவார்கள். செம்பு இருப்பதால்தான் நாளாக ஆகப் பச்சையாகவும் பழுப்பாகவும் களிம்பேறுகிறது. அடியில் இருக்கும் பூச்சு பல பத்தாண்டுகளில் வறண்டு பிடிமானம் விட்டுப்போகிறது. ஆக நான் அழுக்கு என்று நினைத்ததுதான் தங்கம். அதைத்தான் ரப்பர் வைத்துத் துடைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் ஓமாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். டேப் விஷயத்தில் நான் பேசிய தொனி ஞாபகம் வந்ததால் படியிறங்குவதே கஷ்டமாக இருந்தது. அவர் ரப்பரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “அப்போ இது நிஜமாகவே மின்னியதா? நான் பார்த்த நாளிலிருந்து பழுப்புதான்” என்றார். ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு விதி ஒன்று வைத்துக்கொண்டேன்: ஓரத்தில் சோதிக்காமல் எந்த இடத்திலும் எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு நிறத்திலும் குண்டூசி நுனியளவு தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் விட்டு, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தேன். கல்லச்சு மை எண்ணெய் மை, ஒன்றும் கசியவில்லை. சந்தோஷமாக அடுத்த வேலைக்குப் போயிருப்பேன். சும்மா இருக்கட்டுமே என்று அந்த மீசையின் ஒரு நுனியிலும் ஒரு சொட்டு வைத்தேன். சாம்பல் பென்சில் கோடு கண்ணெதிரே ஊதாவாக மாறி விரிந்தது. சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். நம்மூரிலும் பழைய அலுவலக எழுத்தர்கள் நாக்கில் நனைத்து எழுதுவார்களே, அதேதான். கரியோடு ஊதாச் சாயம் கலந்திருக்கும், ஈரம் பட்டால் சாயம் கிளம்பிவிடும். அந்தப் பக்கத்தின் கிழிசல் மீசைக்கு ஒரு அங்குலம் தள்ளி ஓடுகிறது. சோதிக்காமல் பசை தடவியிருந்தால் சோம்பேறிப் பெண்ணுக்கு ஊதா முகம்தான் மிஞ்சியிருக்கும்.

மீசையை எடுக்கலாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. காசலில் பாதுகாக்கப்படும் கிரிம் சகோதரர்களின் சொந்தப் பிரதிகளை 2005இல் யுனெஸ்கோ உலக ஆவண மரபில் சேர்த்தது. அவற்றின் மதிப்பே அவர்கள் ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகளில்தான். பேராசிரியர் கிறுக்கினால் பொக்கிஷம், பிள்ளை கிறுக்கினால் அழுக்கா?

பின்களை எடுப்பது பார்க்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். பிடுங்கக் கூடாது, துருப்பிடித்த கால் தாளின் நாரோடு ஒட்டியிருக்கும். பாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னுக்கும் தாளுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்றைச் செருகி, மெல்லிய கரண்டியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தி, பிறகு வெளிப்பக்கமாக உருவ வேண்டும். இரண்டாவது பின் பாதியிலேயே முறிந்தது. சுற்றியிருந்த தாள் அப்பளம்போல் நொறுங்கியது. இரும்புத் துரு தாளின் நாரையே அரித்துவிடும். போதாக்குறைக்குத் தாளே மட்டமான தாள். 1840களில் சாக்சனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் காகிதம் செய்யும் வழி கண்டுபிடித்த பிறகுதான் இப்படிப்பட்ட மலிவுப் படப்புத்தகங்கள் வீடுவீடாகப் போயின. அதே மரக்கூழ்தான் இன்று ஓரங்களைப் பழுப்பாக்கி ஒடிய வைக்கிறது. தாளின் அமிலத்தை நீக்க ரசாயன வழிகள் இருக்கின்றன. அது வீட்டுச் சமையலறையில் செய்கிற வேலையல்ல என்று விட்டுவிட்டேன்.

செல்லோ டேப்பைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் வயிறு எரியும். மேலே இருக்கும் பளபளப்புப் படலம் காய்ந்து தானாகவே தூக்கிக்கொண்டிருந்தது. முடி உலர்த்தியை எட்ட வைத்துச் சூடு காட்டிக் கரண்டியால் தூக்கினால் வந்துவிட்டது. அடியில் இருக்கும் பசைதான் வில்லன். முதலில் பிசுக்காக இருந்து, பிறகு தாளுக்குள் ஊறி, பிறகு பழுப்பாகக் கெட்டித்துவிடும். பிசுக்காக எஞ்சியிருந்ததை ரப்பர்பால் கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தேன். மிச்சத்துக்கு அசிட்டோன், பால்கனியில், கதவைச் சாத்திவிட்டு, பஞ்சுக்குச்சியில் தொட்டு, படமில்லாத வெள்ளை ஓரத்தில் மட்டும், அடியில் ஒற்றுத்தாள் வைத்து. படத்தின்மேல் அசிட்டோன் வைக்க எனக்குத் தைரியமில்லை. கறை பாதி வெளுத்தது, மீதி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அட்டை உள்மடிப்பின் பழுப்புப் பசைத்தாள் வேறு ஜாதி. அதன் பசை தண்ணீரில் கரையும். எனவே எளிது என்று நினைத்தேன். ஆனால் உற்றுப் பார்த்தபோது பட்டையின் ஓரத்தில் மையால் எழுதிய ஒரு சின்ன வளைவு எட்டிப்பார்த்தது. அடியில் கையெழுத்து இருக்கிறது! அந்த வளைவின் நுனியில் சோதனைச் சொட்டு வைத்துக் காத்திருந்தேன், மை அசையவில்லை. தண்ணீரை நேரே விடாமல், மெத்தில்செல்லுலோஸ் கூழைப் பட்டையின் மேல் மட்டும் இரண்டு செ.மீ. நீளத்துக்குத் தடவி, பத்து நிமிடம் விட்டுத் தூக்கினேன். கூழ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். இப்படியே பதினான்கு தடவை. ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க அதற்கே போனது.

வெளிவந்த எழுத்தை என்னாலும் படிக்க முடியவில்லை, ஓமாவாலும் முடியவில்லை. சுட்டர்லின் எழுத்து. பிரஷ்யப் பள்ளிகளில் 1915 முதல் கற்றுக்கொடுத்த கையெழுத்து முறை. காசல் அப்போது பிரஷ்யாவில்தான் இருந்தது. 1941க்குப் பிறகு பள்ளிகளில் அதையும் நிறுத்திவிட்டதால், போருக்குப் பின் பள்ளிக்குப் போன ஓமாவுக்குத் தன் அம்மா தலைமுறையின் எழுத்து அந்நியம். நமக்கு வட்டெழுத்துப் போல. இருவரும் எழுத்து அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். ‘ஏ’ (e) எழுத்து பார்க்க ‘என்’ (n) மாதிரியே இருக்கும், ‘ஊ’ (u) எழுத்துக்குத் தலையில் ஒரு கொக்கி. எட்டிப்பார்த்த வளைவு அந்தக் கொக்கிதான். ஓமா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. “கிறிஸ்துமஸ் 1926. உன் அத்தை.” அதன் கீழே இன்னொரு வரி: “கை கழுவிவிட்டுத் தொடு.”

ஜாம் கறையை நினைத்து இருவரும் சிரித்தோம். புத்தகம் அவர் அம்மாவுக்கு எட்டு வயதில் வந்த பரிசு என்பது அதுவரை அவருக்கே தெரியாது. ஏதோ சந்தையில் வாங்கியது என்று நினைத்திருந்தாராம்.

இனிப் பசை. சிறுவயதில் நோட்டுக்கு அட்டை போட அம்மா காய்ச்சிய மைதாப் பசைதான் நான் அறிந்த பசை. இங்கே கேட்பது கோதுமை ஸ்டார்ச் மட்டும். மைதாவில் இருக்கும் புரதம் பூச்சியைக் கூப்பிடும், நாளடைவில் மஞ்சளாகும். சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. 20 கிராம் ஸ்டார்ச்சை 100 மி.லி. தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் மாதிரி, பிறகு திடீரென்று இறுகும், பிறகு கண்ணாடி மாதிரி தெளியும். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். “என்ன, கொழுக்கட்டைக்கா கிளறுற?” என்று என் கணவர் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஆறியபின் மெல்லிய சல்லடையில் மூன்று முறை தேய்த்து, தேவைக்குத் தண்ணீர் விட்டுத் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

கிழிசலுக்கு ஒட்டு, கோசோ என்கிற ஜப்பானிய மல்பெரி நார்த்தாள். சதுர மீட்டருக்குப் பத்து கிராம். கையில் வைத்தால் வெங்காயத் தோல். கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டு இழுத்துப் பிய்த்தால் ஓரத்தில் நார் நாராக நிற்கும், அந்த நார்தான் தாளோடு போய்ப் பின்னிக்கொள்ளும். பதினோரு செ.மீ. கிழிசல் ஒன்று ஆப்பிள் மரத்தின் குறுக்கே. கிழிந்த தாளின் இரு உதடுகளும் நேராக இருக்காது, சரிவாக இருக்கும். எது மேலே எது கீழே என்று பார்த்துப் பொருத்தினால் கிழிசல் கோடே மறையும், மாற்றிப் பொருத்தினால் வெள்ளைத் தழும்பு தெரியும். முதல் முறை நான் மாற்றித்தான் பொருத்தினேன். ஈரமாக இருந்ததால் பிழைத்தது, பிரித்து மறுபடி வைத்தேன். பின்பக்கம் மட்டும் ஒட்டு, மேலே பட்டர் பேப்பர், ஒற்றுத்தாள், கண்ணாடித் துண்டு, அதன்மேல் என் வீட்டில் ஆளைக் கொல்லும் எடையுள்ள ஒரே பொருளான இட்லிப் பாத்திரம். இரவு முழுக்க.

மீசைப் பக்கத்துக்கு மட்டும் பசையைக் கூடக் கெட்டியாக்கி, ஒட்டுத்தாளில் தடவி ஒற்றுத்தாளில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் வைத்தேன். ஊதா வரவில்லை. முன்பு வைத்த சோதனைச் சொட்டு மட்டும் மீசை நுனியில் ஒரு ஊதா மரு மாதிரி நிற்கிறது. அது என் கைவண்ணம்.

தின்ற மூலைக்குச் சற்றுக் கனமான கோசோவை நீர்வண்ணத்தில் தோய்த்துத் தாளின் பழுப்புக்குக் கொண்டுவந்து ஒட்டினேன். தேநீரில் தோய்த்தால் நிறம் அழகாக வரும் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஏற்கெனவே அமிலத்தில் சாகிற தாளுக்கு இன்னும் அமிலம் ஊட்டுவது அது. ரொட்டியின் விட்டுப்போன பாகத்தை வரைந்து நிரப்பவும் இல்லை.

மடிப்பில் இரண்டு தாள்கள் முழுசாகப் பிரிந்திருந்தன. அவற்றை நெடுக கோசோ பட்டையால் இணைத்தேன். நான்கு தாளுக்கும் பட்டை போட ஆசைதான்; மடிப்பில் தாள் சேரச் சேர முதுகு பருத்து உள்பக்கங்கள் வெளியே தள்ளும். பின்னுக்குப் பதிலாக நூல்: மெழுகு தேய்த்த லினன் நூல், புத்தக உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு நீளம். பின் அரித்த ஓட்டைகளைத் தவிர்த்துவிட்டு ஐந்து புதிய துளைகள். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே போய், மேலே இரண்டு துளையும் ஏறி இறங்கி, நடுவைத் தாண்டிக் கீழே இரண்டும் முடித்து, நடுவிலேயே முடிச்சு. இருபது நிமிட வேலை. எல்லாக் கஷ்டமும் அதற்கு முன்னால்தான்.

அட்டையில் ஒரு சொதப்பல். பழைய காலிக்கோ முதுகில் விரிந்திருந்ததால், அட்டைத்தாளை இரு பக்கமும் ஒரு செ.மீ. தூக்கி அடியில் புதுத் துணியைச் செருகி, மேலே பழைய துணியின் மிச்சத்தையும் ஒட்டினேன். அது ஒழுங்காக வந்தது. உள்மடிப்புக்கு வெட்டிய தாளில் நார் ஓட்டத்தைப் பார்க்காமல் குறுக்கே வெட்டிவிட்டேன். பசை பட்டதும் தாள் நாருக்குக் குறுக்காகத்தான் விரியும். அது முதுகின் நீளத்துக்கு விரிந்து அலை அலையாக எழுந்தது. எங்கள் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. உரித்துப் போட்டுவிட்டு, நார் மேலிருந்து கீழாக ஓடும்படி வேறு வெட்டினேன். அத்தையின் இரண்டு வரியையும் மறைக்காமல் அதை ஆறு மில்லிமீட்டரோடு நிறுத்தினேன்.

தங்கம் போன இடத்தைத் தங்கநிறப் பேனாவால் நிரப்பலாமே என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். வேண்டாமென்றேன். அது பளபளவென்று மின்னும், சுற்றிலும் இருக்கும் நிஜத் தங்கம் இன்னும் கீலாகத் தெரியும்.

ஐந்து வாரம் கழித்துப் புத்தகத்தைக் கீழே கொண்டுபோனேன். கூடவே ஒரு காகித உறை: துருப்பிடித்த பின்கள், டேப் படலங்கள், பழுப்புப் பட்டையின் துணுக்குகள், நான் ஒட்டியவை எங்கெங்கே என்று எழுதிய தாள். எல்லாமே தண்ணீரில் பிரியும், என்னைவிடக் கைதேர்ந்தவர் யாராவது கிடைத்தால் என் வேலையைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து செய்யலாம் என்று சொன்னேன். ஓமா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நேரே தங்கமழைப் பக்கத்தைத் திறந்தார். பக்கம் கையோடு வரவில்லை. புத்தகத்தைப் பிடித்த அவருடைய கட்டைவிரல் சரியாக வலது தோளுக்கு மேலே, நான் துடைத்த இடத்தில் போய் உட்கார்ந்தது. விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்த இடத்தைச் சுற்றிலும் தங்கம் ஏற்கெனவே தேய்ந்துதான் இருந்தது, நான் கவனித்திருக்கவில்லை.

“கிக்கெரிக்கீ” என்றார் மெதுவாக. கதையில் சேவல் கூவுவது அப்படித்தான்: நம் தங்கப் பெண் திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு எழுந்துபோய் அடுக்களை இழுப்பறையைத் திறந்து, பாதி தீர்ந்த செல்லோ டேப் சுருளை எடுத்து வந்து என் கையில் வைத்தார். “இதை நீங்களே கொண்டுபோய்விடுங்கள். அடுத்த வாரம் கொள்ளுப்பேரன் வருகிறான்.”